மேளச்சமா கேட்கப் போவது எப்படி: நோட்டீஸிலிருந்து கடைசித் தீர்மானம் வரை

ஆடி பிறந்துவிட்டால் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்திறங்கிய சொந்தக்காரர் யாராவது எனக்கு அழைப்பெடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "தம்பி, இந்தமுறை நல்ல மேளம் எங்கை இருக்கு?" மேளம் என்றால் கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிப்பது, அந்தக் கச்சேரிதான் மேளச்சமா. என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. யாழ் நகரில் ஓர் அச்சகத்தில் 25 வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். பங்குனி முதல் புரட்டாதி வரை எங்கள் மேசையில் கோயில் நோட்டீஸ்தான் குவிந்து கிடக்கும். எந்தக் கோயிலுக்கு எந்த மேளம் வருகிறது என்பது ஊருக்குத் தெரிவதற்கு இரண்டு கிழமை முன்னரே எனக்குத் தெரிந்துவிடும். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லுவதை இம்முறை ஆறுதலாக எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து ஒழுங்கையில் இருந்துகொண்டே மேளம் கேட்கப் போகாதவர்களுக்கும் சேர்த்துத்தான்.

யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் வீரசிங்கம் மண்டபம், பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியுடன் கட்டிய கலாசார மண்டபம் என்று சிலர் சொல்வார்கள். அங்கும் நல்ல நிகழ்ச்சிகள் நடக்கின்றன, போங்கள். ஆனால் எங்கள் ஊர்க் கலைஞர்கள், எங்கள் ஊர் மணலில் நின்று, முன்னால் இருப்பவனின் முகத்தைப் பார்த்து மணிக்கணக்காக வாசிப்பதைக் கேட்க வேண்டுமானால் கோயில் வீதிக்குத்தான் போக வேண்டும். ரிக்கெற் இல்லை. முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சும் இல்லை.

நோட்டீஸை வாசிக்கும் முறை

கோயில் நோட்டீஸைப் பலர் மேலிருந்து வாசிக்கத் தொடங்கி, கொடியேற்றம், தேர், தீர்த்தம் ஆகிய மூன்று திகதிகளைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். மேளம் தேடுகிறவர் கீழிருந்து வாசிக்க வேண்டும். கடைசிப் பந்தியில், அன்னதானத்துக்கும் ஒலி, ஒளி அமைப்புக்கும் நடுவில், சின்ன எழுத்தில் 'மங்கள வாத்தியம்' என்று ஒரு வரி இருக்கும். திருவிழா முழுவதற்கும் வாசிக்கும் ஆஸ்தான மேளம் அது. அதை மனதில் வைத்துக்கொண்டு நாள்வாரியான பட்டியலுக்கு வாருங்கள். ஒவ்வொரு திருவிழாவும் ஒரு குடும்பத்தின் அல்லது ஓர் ஊர்ப்பகுதியின் உபயம். அவர்களில் யாராவது தங்கள் நாளுக்கென்று வேறு மேளம் பிடித்திருந்தால் 'விசேட மேளக்கச்சேரி' என்றோ, 'கூட்டு மேளம்' என்றோ போட்டிருப்பார்கள். அந்த நாளைத்தான் பேனையால் வட்டமிட வேண்டும். ஊர் மேளமும் வந்த மேளமும் ஒரே வீதியில் சந்திக்கும் இரவு அது. இரண்டு பக்கமும் தங்கள் கையிருப்பு முழுவதையும் வெளியில் எடுப்பார்கள்.

அப்படி ஒன்றும் போட்டிருக்காவிட்டால் சப்பறத்தையும் பூங்காவனத்தையும் தெரிவு செய்யுங்கள். சப்பறம் தேருக்கு முதல் நாள் இரவு. பூங்காவனம் தீர்த்தம் முடிந்த பிறகு வருவது. என் தெரிவு பூங்காவனம்தான். தேரும் தீர்த்தமும் முடிந்து ஊர் ஓய்ந்திருக்கும். ஐயர்மாருக்கும் அவசரம் இருக்காது, தவிற்காரருக்கும் மறுநாள் விடிய எழும்ப வேண்டிய கட்டாயம் இருக்காது.

நேரத்தையும் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸில் இருப்பது பெரும்பாலும் பூசை நேரம். மாலை 6 மணிக்கு வசந்தமண்டபப் பூசை என்றால், சுவாமி உள்வீதி சுற்றி, வெளிவீதி வந்து, மேளத்தை ஆறுதலாகக் கேட்கும் கட்டம் வர இரவு 8 மணி ஆகலாம். அதற்காக 8 மணிக்குப் போகாதீர்கள். சுவாமி எழுந்தருளும்போது வாசிக்கும் மல்லாரியை விட்டுவிட்டால் பாதியை இழந்தது போலத்தான். நல்லூரில் மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். அங்கே சொன்ன நேரம் சொன்ன நேரம்தான்.

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள், விமானச்சீட்டை ஆறு மாதம் முன்னரே எடுக்க வேண்டியவர்கள், பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆங்கிலத் திகதி வருடத்துக்கு வருடம் மாறும், பஞ்சாங்க நாள் மாறாது. தைப்பூசத்துக்கு இணுவில் கந்தசுவாமி கோயில் மஞ்சத் திருவிழா. சித்திரை வருடப்பிறப்பில் மானிப்பாய் மருதடி விநாயகர் தேர். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நயினாதீவு நாகபூசணி அம்மன். ஆடி அமாவாசையில் மாவிட்டபுரம் கந்தனுக்குக் கீரிமலையில் தீர்த்தம். அந்த அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி, 25 நாள் திருவிழா, அடுத்த அமாவாசையில் தீர்த்தம். புரட்டாதிப் பௌர்ணமிக்கு வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தம். இவற்றுக்கு நடுவில் நூற்றுக்கணக்கான சின்னக் கோயில்கள் இருக்கின்றன. நல்ல சமா பலமுறை எனக்கு அங்கேதான் கிடைத்திருக்கிறது. ஒரு விடயம்: சில கோயில்கள் வாக்கிய பஞ்சாங்கத்தின்படியும் சில திருக்கணிதத்தின்படியும் நடக்கின்றன. சில வருடங்களில் இரண்டும் ஒத்துவராது. எதன்படி என்று கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளை உறுதிசெய்யுங்கள்.

பத்திரிகையிலும் விளம்பரம் வரும், பேஸ்புக்கிலும் நோட்டீஸின் படம் வரும். அதைவிடக் கெட்டியான வழி, மேளக்காரர் ஒருவரிடமே கேட்பது. ஒரு கச்சேரி முடிந்து தவிலை உறைக்குள் வைக்கும்போது பக்கத்தில் போய், "அண்ணை, அடுத்தது எங்கை?" என்று கேட்டால் அடுத்த பத்து நாளையும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

போகும்போது

ஆண்கள் வேட்டியோடு போங்கள். நல்லூர் போன்ற கோயில்களில் உள்ளே போவதென்றால் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். செருப்பை மோட்டார் சைக்கிளிலேயே விட்டுவிடுவது நல்லது. நல்லூர்க் காலத்தில் சுற்றியுள்ள வீதிகளை மறித்திருப்பார்கள். தடைக்கு வெளியே வாகனப் பாதுகாப்பு நிலையங்கள் இருக்கும், அங்கே தரும் துண்டுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கச்சான் கடலையைத் தொடக்கத்திலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தவில் மட்டும் தனியாக வாசிக்கும் தனித்தவில் நடக்கும்போது கையைப் பிடித்து இழுப்பார்கள்.

இடம் பிடிப்பதுதான் முக்கியம். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் இருக்காதீர்கள். தவில் வாசிப்பவருக்கு எதிரே பத்தடி தள்ளி, உங்களுடைய இடக்கைப் பக்கமாகச் சற்று ஒதுங்கி இருந்து பாருங்கள். அவருடைய வலது கை அந்தப் பக்கம்தான் இருக்கும். வலது பக்கத் தோலான வலந்தலையின் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக வந்து விழும். விரல்களில் போட்டிருக்கும் கூடுகளையும் அங்கிருந்து பார்க்கலாம். துணியும் பசையும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்த அந்தக் கூடு தோலில் படும்போதுதான் அந்தக் கணீர் என்ற ஓசை பிறக்கிறது. இடது கையில் இருப்பது கம்பு. தொப்பி என்னும் இடது பக்கத்தில் அது இறங்கும்போது சத்தம் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சில் தெரியும்.

தொடங்குவதற்கு ஒரு கால் மணித்தியாலம் முன்பே போய் இருந்துவிடுங்கள். நாதஸ்வரக்காரர் ஊதுவாயான சீவாளியைப் பார்க்கும் நேரம் அது. நாதஸ்வரத்தில் நூலில் கோத்து ஒரு கொத்துச் சீவாளி தொங்கும். ஒன்றைக் கழற்றி வாயில் வைத்து நனைப்பார். ஊதிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் அடுத்தது. அதன் வாயைச் சின்னக் குச்சியால் மெல்ல நெம்பி விரித்து மறுபடியும் ஊதுவார். நாணல் தட்டையில் செய்த விரலளவுச் சாமான். அன்றைய இரவு முழுவதும் அந்த ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. ஒருமுறை ஓர் அம்மன் கோயில் வீதியில், மழை தூறி விட்டிருந்த இரவு, ஒருவர் ஏழு சீவாளி மாற்றியதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவதை ஊதியவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த தவிற்காரர் உடனே வாரை இறுக்கினார். அன்று வாசித்த தோடி ராகம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கேட்கும் முறை

சங்கீதம் படிக்காமல் மேளம் கேட்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் படித்தவனில்லை. ஆதி தாளம் போடத் தெரிந்தால் முக்கால்வாசி போதும். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு, ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் 8. வீட்டில் பத்து நிமிடம் பழகிவிட்டுப் போங்கள். அங்கே தடுமாறினால் தாளக்காரப் பையனின் கையைப் பாருங்கள். அவன் உங்களைக் காப்பாற்றுவான்.

கை தாளத்தில் நின்றுவிட்டால் தனித்தவில் உங்களுக்குத் திறந்துவிடும். தொடக்கத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் நான்காக, தகதிமி, தகதிமி என்று போகும். சற்று நேரத்தில் ஏதோ மாறியது போலத் தெரியும். உங்கள் கை அதே வேகத்தில்தான் போகிறது, ஆனால் உள்ளே தகிட, தகிட என்று மூன்று மூன்றாக ஓடுகிறது. திஸ்ர நடை. பிறகு ஐந்து, பிறகு ஏழு. ஒரு தவிற்காரர் கேள்வி கேட்பது போல் ஒரு சொற்கட்டை வைக்க, மற்றவர் அதையே வாங்கி ஒரு படி கூட்டித் திருப்பிக் கொடுப்பார். வட்டம் சுருங்கச் சுருங்க இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் 15 கிலோமீற்றர் சைக்கிள் உழக்கிப் போயிருக்கிறேன். கடைசியில் முடித்துவைக்கும் ஒரே கோர்வை, தீர்மானம் என்பார்கள், மூன்று தரம் வரும். முதலாவது வந்ததும் நிமிர்ந்து இருங்கள். மூன்றாவது தீர்மானம் தாளத்தின் முதல் தட்டான சமத்தில் வந்து விழும்போது உங்கள் கையும் அங்கே விழுந்தால், அந்த மகிழ்ச்சியை வேறு யாரும் உங்களுக்குத் தர முடியாது.

நாதஸ்வரத்தைக் கேட்க இவ்வளவு கணக்கு வேண்டாம். மல்லாரி கம்பீர நாட்டையில் வரும், சுவாமிக்கு முன்னால் நடந்துபோய்க் கேளுங்கள். ஆலாபனைக்கு இருந்து கேளுங்கள். தோடியோ சண்முகப்பிரியாவோ எடுத்தால் அரை மணித்தியாலம் போவது தெரியாது. நேரம் போகப் போகப் பெடியள் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள். பழைய ஆட்கள் சிலர் அந்தக் கட்டத்தில் எழுந்து போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் போவதில்லை. அந்தப் பாட்டுக்காக வந்து நின்ற பையன்தான் அடுத்த வருடம் ஆலாபனைக்கும் நிற்கிறான்.

என் காது எங்கே பழகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1992 இல் எனக்கு 11 வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. அப்பாவிடம் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவு நாடா ஒன்று இருந்தது. இணுவிலில் 1933 இல் பிறந்து, 1975 இல் 41 வயதிலேயே போய்விட்ட மனிதர், தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வர வித்துவான்களுக்கெல்லாம் வாசித்தவர். விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. நான் களைத்தால் தவிலும் களைக்கும், வேகம் இறங்கிக் குரல் கனத்துவிடும். "ஒரே சீராய்ச் சுத்து, அவற்றை காலப்பிரமாணத்தைக் கெடுக்காதை" என்பார் அப்பா. காலப்பிரமாணம் என்ற சொல்லை அப்படித்தான் கற்றேன், உள்ளங்கை எரிய எரிய. அந்த நாட்களில் கோயிலில் நேரில் கேட்ட மேளங்களுக்கும் மைக் இருக்கவில்லை. ஒரு வீதி தள்ளியிருந்தும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

இணுவிலையும் அளவெட்டியையும் ஊர்ப்பெயராக மட்டும் பார்க்காதீர்கள். நோட்டீஸில் மேளத்துக்கு முன்னால் அந்த ஊர்களில் ஒன்று இருந்தால் நான் யோசிக்காமல் வெளிக்கிட்டுவிடுவேன். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்போதும் அந்த வீதிகளில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டால் எந்த இடத்தில் "ஆகா" சொல்ல வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

ஒரு ராகம் கேட்க ஆசையென்றால் வாசித்துக்கொண்டிருக்கும்போது துண்டுச்சீட்டு நீட்டாதீர்கள். தொடங்க முன்னர் போய், "அண்ணை, ஏலுமெண்டால் இண்டைக்கு ஒரு கரகரப்பிரியா வாசியுங்கோ" என்று சொல்லுங்கள். அன்போடு கேட்டால் மறுக்கமாட்டார்கள். சந்தோஷம் கொடுக்க விரும்பினால் என்வலப்பில் வைத்து, முடிந்த பிறகு, தாளக்காரருக்கும் சேர்த்துக் கொடுங்கள். அலைபேசியில் பதிவதற்கு வெளிவீதியில் பெரும்பாலும் ஒருவரும் தடை சொல்வதில்லை, வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். நேராகக் கண்ணில் அடித்தால் எதிரே இருப்பவரின் கைவிரல் அவர்களுக்குத் தெரியாது.

மேளம் தவிர்ந்த மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாசையூர் அந்தோனியார் பெருநாள் யூன் 13. தேவாலயப் பெருநாட்களில் பாண்ட் வாத்தியம் கேட்க விரும்புகிறவர்கள் பங்கு அறிவித்தலைப் பாருங்கள், சொரூப பவனி தொடங்கும் நேரத்துக்குப் போங்கள். கோயில்களில் 'இன்னிசை நிகழ்ச்சி' என்று போட்டிருப்பது கீபோர்ட், டிரம்ஸ் வைத்த இசைக்குழு. அவர்களுக்கு மேடையை ஒழுங்கு செய்யவே நேரம் பிடிக்கும், இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டே போகலாம்.

உபயகாரருக்கு

உங்கள் குடும்பத்துக்குத் திருவிழா ஒன்று இருந்து, நல்ல மேளம் பிடிக்க நினைத்தால், இந்த வருடத் திருவிழா முடிந்த கையோடு அடுத்த வருடத்துக்குச் சொல்லி வையுங்கள். ஆடியிலும் ஆவணியிலும் நல்ல குழுக்களுக்கு ஒரு நாள்கூட வெறுமையாக இருக்காது. ஒரு தொகையை முற்பணமாகக் கொடுத்து, திதியையும் ஆங்கிலத் திகதியையும் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். வாகனம் யார் பொறுப்பு, வந்தால் எங்கே இளைப்பாறுவது, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் முன்னரே கதைத்து முடியுங்கள். வாசிக்கிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஊத மாட்டார்கள். ஆகவே முதலில் தேநீர், சாப்பாடு பிறகு. அது நள்ளிரவானாலும் சூடாக இருக்க வேண்டும்.

ஒலிபெருக்கிக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நாதஸ்வரத்துக்கு ஒரு மைக் போதும், தவிலுக்குத் தேவையே இல்லை, கூட்டம் பெரிதென்றால் தூரத்தில் ஒன்று வைக்கலாம். ஒரு கோயிலில் நான்கு தவிலுக்கும் மைக் கட்டிச் சத்தத்தை முறுக்கிவிட்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் வயதானவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கேணியடிக்குப் போய் நின்று கேட்டார்கள். நானும் போனேன். வாசித்த கைகளை அன்று காண முடியவில்லை.

கடைசியாக, நோட்டீஸ் அடிக்கிறவனாக ஒரு வேண்டுகோள். புரூப் பார்க்க வரும்போது எல்லோரும் தங்கள் பெயரையும் தாத்தாவின் பெயரையும்தான் சரிபார்க்கிறார்கள். உபயகாரர் பெயர் தடித்த பெரிய எழுத்தில், மேளம் 'குழுவினர்' என்ற ஒரே சொல்லில். அந்தக் குழுவினருக்கும் பெயர் இருக்கிறது. நாதஸ்வரம் யார், தவில் யார், தாளம் யார் என்று ஊரோடு சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு வரி கூடுவதால் அச்சுக்கூலி கூடாது. கேட்கப் போகிறவனுக்கும் யாரைத் தேடிப் போகிறான் என்பது தெரியும்.

போன வருடம் ஓர் உபயகாரர் அப்படியே எழுதிக் கொண்டுவந்தார், ஐந்து பெயர், ஐந்து ஊர். நோட்டீஸ் வெளிவந்து மூன்றாம் நாள் பின்னேரம் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பையன் அச்சகத்துக்கு வந்தான். "அண்ணை, மிச்சம் இருந்தா ரெண்டு தருவியளோ? தாளம் எண்டு போட்டிருக்கிறது நான்தான்." பத்து எடுத்துக் கொடுத்தேன். அதில் பூங்காவனம் மேளக்கச்சேரி இரவு 9 மணி என்று இருந்தது. எட்டரைக்கே போய் முன்னால் இருந்துகொண்டேன். 9.10 க்குத் தொடங்கினார்கள்.